புது நாசில்தானே என்று அப்படியே மாட்டலாமா?

வாசகர் கேள்வி:

"அண்ணே, உசிலம்பட்டியில் இருந்து எழுதுகிறேன். 2008 மாடல் டாடா 1613 ஒன்று வைத்து நானே ஓட்டுகிறேன். ஆறு சிலிண்டர், பழைய மாதிரி பம்ப்தான். தேனிப் பக்கமிருந்து வாழைக்காய், தேங்காய் லோடு மதுரைக்கு வரும். மூணு மாசமாக ஆண்டிபட்டி கணவாயில் ஏறும்போது கரும்புகை தள்ளுகிறது, இழுவை இல்லை, டீசலும் கூடக் குடிக்கிறது. பம்ப்பைப் பார்த்தாயிற்று, நாசில்தான் போய்விட்டது என்றார்கள். கடன் வாங்கி ஆறு இன்ஜெக்டரும் புது செட்டாக வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன்னால் டெஸ்ட் பண்ணலாமா என்று கேட்டால், 'கம்பெனி பேக்கிங்கில் கை வைக்காதே, அப்படியே மாட்டிவிடலாம்' என்கிறார் மெக்கானிக். பெட்டியைப் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். நான் என்ன செய்யட்டும்? பிஎஸ்-6 வண்டி வைத்திருக்கும் என் மச்சானுக்கும் இதே சந்தேகம்."

பதில்:

தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் டீசலைத் தூவுவது இன்ஜெக்டர், அதன் முனையில் இருப்பது நாசில். அந்த ஆறையும் நாசில் டெஸ்டரில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் எஞ்சின் ஹெட்டில் ஏற்ற வேண்டும். நம்பிக்கையான கடையில் வாங்கியிருந்தாலும் சரி, பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் சரி. உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ரோட்டோரப் பட்டறையில், கிரீஸ் கையோடு, காற்றில் புழுதி பறக்க இன்ஜெக்டரின் தூசி மூடியைக் கழற்றிப் பார்ப்பதைவிட, பார்க்காமலே மாட்டுவது மேல். அதனால் டெஸ்ட்டே வேண்டாம் என்று ஆகிவிடாது. சுத்தமான இடத்தில், தெரிந்த கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இருபத்தெட்டு வருஷமாக மதுரையில் டீசல் பம்ப், நாசில் வேலைதான் பார்க்கிறேன். புதுப் பெட்டியில் இருந்து எடுத்த செட்டில் ஐந்து நன்றாக இருக்க, ஒன்று மட்டும் பிரஷர் இறங்கி நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பெனியில் சரியாகத்தான் செய்து அனுப்பியிருப்பார்கள். அப்புறம் அது வருஷக்கணக்கில் கடை அலமாரியில் கிடக்கும். துருப் பிடிக்காமல் இருக்க உள்ளே விட்ட எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி, நாசிலுக்குள் ஏறி இறங்குகிற ஊசியைப் பிடித்துக்கொள்ளும். வழியில் எங்கோ கீழே விழுந்து முனை அடிபட்டிருக்கும். சில நேரம் பெட்டி சரி, உள்ளே இருக்கிற நாசில் வேறு எஞ்சினுக்கானது. பெட்டியே போலி என்பதும் உண்டு.

நான் தனியாகப் பட்டறை போட்ட புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்து வண்டி ஒன்று, கல் லோடு ஏற்றுகிற வண்டி. ஆறு இன்ஜெக்டரும் புதுசு. மறுநாள் விடிகாலை வண்டி கிளம்பியாக வேண்டும் என்று ஓனர் தலைமாட்டில் நிற்கிறார். இரண்டை மட்டும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தேன், அருமையாக இருந்தது. மீதி நான்கையும் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். மூணே வாரம். நாலாவது சிலிண்டர் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து, வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு அலுமினியம் உருகி ஓடியிருந்தது. அந்த நாலாம் நம்பர் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டரில் வைத்தேன். திறக்கிற பிரஷருக்கு வெகு முன்னாலேயே முனையில் சொட்டுச் சொட்டாக டீசல் இறங்கியது. பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த வண்டி ஒரு மாசம் நின்றது. ஓனருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், வண்டி மேல் கடன் வேறு. அன்றிலிருந்து ஆறு என்றால் ஆறையும் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை.

சொட்டுகிற நாசில் ஏன் பிஸ்டனைத் தின்கிறது என்று தெரிந்துகொண்டால் டெஸ்ட்டின் அருமை உங்களுக்கே புரியும். நல்ல நாசில் டீசலை வெண்புகை மாதிரிப் பொடியாக்கித் தூவும். தூவி முடிந்ததும் ஊசி சட்டென்று சீட்டில், அதாவது நாசிலின் அடிவாயில், உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். சீட் சரியில்லை என்றால், தூவி முடித்த பிறகும் சொட்டு விழும். அந்தச் சொட்டு காற்றில் கலந்து எரியாது. பிஸ்டன் தலையில் ஒரே இடத்தில் விழுந்து, வெல்டிங் நெருப்புப் போல அங்கேயே நின்று எரியும். சிலிண்டரின் உள்ளுறையான லைனர் சுவரில் பட்டால் அங்கே இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிவிடும், ரிங் தேயும், மிச்சம் கீழே இறங்கி, எஞ்சின் அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், ஆயிலில் டீசல் வாடை அடித்தால், முதலில் நாசிலைச் சந்தேகப்படுங்கள்.

சரி, கடைக்குப் போவோம். திருப்பி எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்வதில் தப்பில்லை. யாரோ எங்கோ பிரித்துக் கெடுத்ததை அவர் எப்படித் திரும்ப வாங்குவார்? அதனால் அவரிடமே போய், "நல்ல டீசல் பம்ப் பட்டறையில், உங்கள் ஆள் கூட இருக்கும்போதே பிரித்து டெஸ்ட் பண்ணுகிறேன். பெயிலானதை மாற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் முடியாது என்றால், அடுத்த தடவை வேறு கடை பாருங்கள். ஏற்கெனவே வாங்கியதை என்ன செய்வது என்றால், அப்போதும் டெஸ்ட் பண்ணத்தான் வேண்டும். ஒரு இன்ஜெக்டர் விலை கையைவிட்டுப் போவதும், பிஸ்டன், லைனர், ஹெட் வேலை தலையில் விழுவதும் ஒன்றா?

பெஞ்சில் ஏற்றும் முன் கண்ணால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இதை நீங்களே வீட்டில் நல்ல வெளிச்சத்தில், மூடியைக் கழற்றாமலே ஓரளவு பார்த்துவிடலாம். பழைய இன்ஜெக்டரின் உடம்பில் பொறித்திருக்கிற நம்பரும் புதியதின் நம்பரும் ஒன்றா? நாசிலைப் பிடித்திருக்கிற ஹோல்டருக்கு ஒரு நம்பர், நாசிலுக்கு ஒரு நம்பர் இருக்கும். ஹோல்டர் நம்பர் ஒத்துப்போய், நாசில் நம்பர் வேறாக இருந்தாலும் அது உங்கள் எஞ்சினுக்கு ஆகாது. எங்கள் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு எல்லாமே மைக்கோ நாசில்தான். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் எங்கள் வாயில் மைக்கோதான் வரும். அந்த நாசில்களில் டி.எல்.எல்.ஏ. என்ற எழுத்துக்குப் பிறகு 150, 155 என்று வருகிற எண் டீசல் விரிந்து தூவுகிற கோணம். 150 டிகிரி வேண்டிய பிஸ்டனில் வேறு கோணத்து நாசிலைப் போட்டால், டீசல் பிஸ்டன் குழிக்குள் விழ வேண்டிய இடத்தில் விழாது. வண்டி ஓடத்தான் செய்யும். புகையும் டீசல் செலவும் மட்டும் குறையவே குறையாது, ஏன் என்று ஒருத்தருக்கும் பிடிபடாது.

இன்னொன்று, பழையதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் புதுப் பெட்டியில் வைத்து விற்பது. பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நாசிலை ஹோல்டரோடு இறுக்குகிற கேப் நட்டின் மூலைகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்ட வழுக்கல் இருந்தால் அது ஏற்கெனவே திறந்தது. பட்டறைக்குப் போன பிறகு மூடியைக் கழற்றும்போது, ஹை பிரஷர் பைப் வந்து உட்காருகிற வாயை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைப்பின் கூம்பு இறுக்கி உட்கார்ந்த இடத்தில் மெல்லிய வளையத் தடம் விழுந்திருக்கும். புதுசில் அந்த வளையம் இருக்கவே கூடாது. என் பட்டறைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டிக் கொடுப்பது இந்த வளையத்தைத்தான்.

இனி டெஸ்டர். கையால் அடிக்கிற பம்ப், மேலே கேஜ், பக்கத்தில் இன்ஜெக்டரை மாட்டுகிற பைப், கீழே தூவலைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குடுவை. பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் கை விளையாடுகிற இடம் இல்லை. 200 பார் பிரஷரில் வருகிற தூவல் விரலில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிக்கக்கூடச் செய்யாது. அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கக் கூடாது. அந்த நிமிஷமே பெரியாஸ்பத்திரிக்குப் போய், "பிரஷரோடு டீசல் உள்ளே போய்விட்டது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமதித்ததால் விரலையே எடுக்க வேண்டி வந்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அந்தப் புகை மாதிரித் தூவல் தீப்பிடிக்கவும் செய்யும். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

முதலில் கேஜை அடைத்து வைத்து, கையை வேகமாக நாலைந்து தரம் அடித்து உள்ளே இருக்கிற காற்றையும் அந்தப் பழைய எண்ணெயையும் வெளியேற்றுவோம். அப்புறம் கேஜைத் திறந்து மெதுவாக அடிக்க வேண்டும். முள் ஏறி ஏறி ஒரு இடத்தில் சட்டென்று உதறும். அதுதான் திறக்கிற பிரஷர். பட்டறையில் இதைக் கிலோ என்போம், கேஜில் பார் என்று இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்களுடையதைப் போன்ற எஞ்சின்களில் இது பெரும்பாலும் 200-க்கும் 250-க்கும் நடுவில் இருக்கும். சரியான எண் எஞ்சினுக்கு எஞ்சின், மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் எஞ்சின் நம்பருக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம். புது இன்ஜெக்டரின் பிரஷர் புத்தகத்து அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்து வரும். ஸ்பிரிங் புதுசு, ஓட ஓட அது அமர்ந்து பிரஷர் இறங்கும் என்பதால் அந்தக் கூடுதல். அது குறை இல்லை. பல புத்தகங்களில் புதுசுக்கு ஒரு அளவு, ஓடினதுக்கு ஒரு அளவு என்று தனித்தனியாகவே போட்டிருப்பார்கள்.

ஆறுக்கும் ஆறு பிரஷர் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எனக்கு ஒவ்வொன்றின் அளவு எவ்வளவு முக்கியமோ, ஆறும் ஒன்றுபோல இருப்பதும் அவ்வளவு முக்கியம். ஒன்று 210-லும் இன்னொன்று 235-லும் திறந்தால், ஒரு சிலிண்டருக்கு டீசல் முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் போகும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது, வண்டி உதறும், லோடில் ஒரு சிலிண்டர் மற்றதைச் சுமக்கும். ஆறுக்கும் இடையே ஐந்து பாருக்கு மேல் வித்தியாசம் விடுவதில்லை என்பது என் வழக்கம். ஒன்று மட்டும் விலகி இருந்தால் உள்ளே ஸ்பிரிங்குக்கு மேல் இருக்கிற ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றிச் சரிபண்ணலாம். ஒரு ஷிம் 0.05 மில்லிமீட்டர் கனம் கூடினாலே சுமார் நாலு, ஐந்து பார் ஏறும். ஆனால் வாரண்டியில் இருக்கிற புதுசில் ஷிம் போடுவதைவிட, அதைக் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வதையே நான் சொல்வேன்.

அடுத்ததுதான் உயிர்நாடி, சீட் டெஸ்ட். திறக்கிற பிரஷருக்கு இருபது பார் கீழே முள்ளை நிறுத்தி, கையை அசைக்காமல் பத்து விநாடி பிடிக்க வேண்டும். அதற்கு முன் முனையைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பத்து விநாடியில் முனை லேசாக ஈரமானால் பரவாயில்லை. சொட்டாகத் திரண்டு கீழே விழுந்தால் அது வேண்டாம். நான் கேஜைப் பார்க்கமாட்டேன், முனையைத்தான் பார்ப்பேன், மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து. முனையில் ஈரம் மினுங்கும், திரளும், கனக்கும். விழப்போகிறதா, நிற்கிறதா என்பதை அந்தப் பத்து விநாடியில் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர் இரண்டு அடி அடித்துவிட்டு "ஓகே" என்று கழற்றினால், பணிவாக, "அண்ணே, பத்து விநாடி பிடிங்க, நானும் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தூவலையும் பாருங்கள். துளைகள் எத்தனையோ அத்தனை கற்றை வர வேண்டும், எல்லாம் ஒரே தடிமனில், நடுவில் கம்பி மாதிரிக் கோடு இல்லாமல். ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். சில இன்ஜெக்டரில் கற்றைகள் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரித் தெரியும். உடனே கோணல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இன்ஜெக்டர் ஹெட்டில் சாய்வாக உட்காருகிற எஞ்சின்களில், துளைகளையே அந்தச் சாய்வுக்குத் தகுந்தபடிதான் போட்டிருப்பார்கள். ஆறும் ஒரே மாதிரிச் சாய்ந்திருந்தால் சரி. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது தப்பு. சத்தமும் அப்படித்தான். மெதுவாக அடிக்கும்போது "கர்ர் கர்ர்" என்று ஊசி துடிக்கிற சத்தம் கேட்டால் காதுக்கு இனிமை, ஊசி தடையில்லாமல் ஆடுகிறது என்று அர்த்தம். ஆனால் எல்லா வகை நாசிலும் எல்லா வேகத்திலும் அப்படிக் கத்தாது. சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கடைசியாகப் பின்னால் ரிட்டர்ன் போகிற கசிவு. ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியே ஐம்பது மைக்ரானுக்கு மேல். பிரஷரைக் கொடுத்துவிட்டு விட்டால் முள் மெதுவாக இறங்க வேண்டும். ஆறில் ஒன்றில் மட்டும் மளமளவென்று இறங்கினால் ஊசி தளர்வு. இந்த இடைவெளிக்காகத்தான் ஒரு ஊசியும் அதன் உறையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடியாக வருகின்றன. ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போட்டால் இரண்டும் வீண். நாசிலை மட்டும் தனியாகப் புதுசு வாங்கி ஹோல்டரில் போடுகிறவர்கள், சுத்தமான டீசலில் கழுவி, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துவிட்டு, நாசிலைச் சாய்வாகப் பிடித்து விட்டுப் பார்க்கலாம். ஊசி தன் எடையிலேயே வழுக்கி உள்ளே போய் உட்கார வேண்டும். அப்போதும் ஊசியின் பின்பக்கத்தைத்தான் பிடிக்க வேண்டும். தேய்த்த பகுதியில் வியர்வைக் கை பட்டால், ஒரு ராத்திரியில் அங்கே விரல் ரேகை துருவாகப் படியும். நம்மூர் சித்திரை வெயிலில் கை வியர்க்காமல் இருக்குமா?

டெஸ்ட்டில் ஆறும் தேறிவிட்டது என்று வையுங்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பெஞ்சில் நன்றாக இருந்த இன்ஜெக்டரை ஹெட்டில் மாட்டும்போது கெடுப்பதையும் நிறையப் பார்க்கிறேன்.

பட்டறையிலேயே மூடிகளைத் திரும்பப் போட்டு வாங்கி வாருங்கள். மாட்டுகிற நிமிஷம் வரை மூடி இருக்கட்டும். பழையதைக் கழற்றும்போது காப்பர் வாஷர்களை எண்ணுங்கள், தம்பி. ஆறு இன்ஜெக்டர் வந்தால் ஆறு வாஷர் வர வேண்டும். ஐந்துதான் வந்தது என்றால் ஆறாவது அந்தக் குழியின் அடியில் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்புக்குள் கறுப்பாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வளைந்த கம்பியால் தடவிப் பார்த்தால் விளிம்பு தட்டும். அதன் மேலேயே புது வாஷரையும் போட்டு மாட்டினால், நாசில் முனை உள்ளே நீள வேண்டிய அளவுக்கு நீளாது. டீசல் பிஸ்டன் குழியைத் தவறி மேலே அடிக்கும். புது இன்ஜெக்டர் போட்டும் கரும்புகை நிற்கவில்லை என்று வந்த வண்டிகளில், இந்த ஒட்டிக்கொண்ட வாஷரை நானே நோண்டி எடுத்திருக்கிறேன். பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி மாட்டுகிற பழக்கமும் உண்டு. காய்ச்சினால் காப்பர் இளகும் என்பது உண்மைதான், ஆனால் நசுங்கிப்போன கனம் திரும்ப வராது. இத்தனை செலவு செய்துவிட்டு, வாஷரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழையதின் கனத்தை அளந்து, புத்தகத்தில் இருக்கிற அதே கனத்தில் புதுசு போடுங்கள்.

குழியின் கரியைச் சுரண்டும்போது அது சிலிண்டருக்குள் விழாதபடி அடைத்துக்கொள்ள வேண்டும். இறுக்குவது கண்டிப்பாக, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச்சில், இரண்டு மூன்று தவணையாக. நீளக் குழாய் போட்டு "நல்லா இறுக்கிட்டேன்" என்று சொல்வது பெருமை இல்லை. அதிகமாக இறுக்கினால் நாசில் உறை மயிரிழை கோணும். இரண்டு மைக்ரான் இடைவெளியில் ஓடுகிற ஊசிக்கு அந்த மயிரிழையே சாவு.

டீசல் ஃபில்டர் இரண்டையும் அன்றைக்கே மாற்றுங்கள். அடுத்து டேங்க்கைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பழைய நாசில் தானாகக் கெடவில்லை, எதுவோ அதைக் கெடுத்திருக்கிறது. அது இன்னும் டேங்க்கின் அடியிலேயே இருக்கலாம். நம் பக்கம் எத்தனை லாரியில் டேங்க் மூடி தொலைந்து, அந்த இடத்தில் கந்தல் துணியைச் சுருட்டிச் செருகி வைத்திருக்கிறார்கள்! துணி நூலும் புழுதியும் மழைத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. உங்கள் வண்டியில் அப்படி இருந்தால், முதலில் ஒரு நல்ல மூடி வாங்குங்கள். அடி போல்ட்டைத் திறந்து டேங்க்கைக் காலி செய்து பாருங்கள். பழுப்பாகத் தண்ணீரும் வண்டலும் வந்தால், உங்கள் பழைய செட்டின் கதை அங்கே இருக்கிறது. புது செட்டுக்கும் அதே கதை வேண்டாம்.

மாட்டி முடித்ததும் ஹேண்ட் பிரைமரில் அடித்து ஃபில்டரில் ஏர் எடுத்து, ஹை பிரஷர் பைப்பை இன்ஜெக்டரோடு இணைக்கிற யூனியன் நட்டுகளைத் தளர்த்தி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐடிலில் ஒவ்வொரு யூனியனாக லேசாகத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அங்கே கோளாறு. துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தை விலக்கி வைத்துச் செய்யுங்கள்.

இந்த யூனியன் தளர்த்துகிற வேலையை உங்கள் மச்சான் அவருடைய பிஎஸ்-6 வண்டியில் கனவில்கூடச் செய்யக் கூடாது. அது காமன் ரயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் ஹை பிரஷரில் தேங்கி நிற்கிற அமைப்பு. லோடில் 1600 பாருக்கு மேலும் போகும். ஓடும்போது தளர்த்தினால் கையைத் துண்டிக்கிற சமாச்சாரம். எஞ்சினை நிறுத்தின பிறகும், பிரஷர் இறங்கப் புத்தகத்தில் போட்டிருக்கிற நேரம் காத்திருந்துதான் தொட வேண்டும்.

அவருடைய இன்ஜெக்டருக்கும் புதுசாக இருந்தாலும் டெஸ்ட் உண்டு, ஆனால் வழி வேறு. என் கை டெஸ்டரில் அதைப் பார்க்க முடியாது, பார்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். காமன் ரயில் பெஞ்ச் இருக்கிற இடத்தில் கசிவு, முழு லோடு, நடு லோடு, ஐடில், பைலட் இன்ஜெக்‌ஷன் (முதன்மைத் தூவலுக்கு முந்திய சின்னத் தூவல்) என்று ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு டீசல் போகிறது, எவ்வளவு ரிட்டர்ன் வருகிறது என்று மெஷினே அளந்து பிரிண்ட் கொடுக்கும். அந்தப் பிரிண்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். உள்ளே பிரிப்பது, ஷிம் பார்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். மல்டிமீட்டரில் காயிலைப் பார்க்கலாம். மின்காந்தத்தால் திறக்கிற சோலனாய்டு வகையில் பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவாகத்தான் காட்டும், மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். உடம்புக்கும் பின்னுக்கும் நடுவில் தொடர்பு காட்டக் கூடாது. "டிக் சத்தம் வருதா பார்ப்போம்" என்று பேட்டரியில் இருந்து நேராக வயர் கொடுக்கவே கூடாது, காயில் கருகிவிடும்.

புது காமன் ரயில் இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கும். சிலவற்றில் கியூஆர் இருக்கும். அந்த ஒரு இன்ஜெக்டர் எவ்வளவு கூடக் குறையத் தூவுகிறது என்பதைக் கம்பெனி அளந்து போட்ட கணக்கு அது. மாட்டுவதற்கு முன்னால் எந்த சிலிண்டரில் எது என்று போனில் படம் எடுத்துவைத்து, ஸ்கேனர் போட்டு அந்தக் குறியீட்டை எஞ்சின் கம்ப்யூட்டரான இசிஎம்-மில் ஏற்ற வேண்டும். மாட்டின பிறகு பல எஞ்சினில் அந்தக் குறியீடு கண்ணுக்குத் தெரியாது. ஏற்றாமல் விட்டால், இசிஎம் பழைய இன்ஜெக்டரின் கணக்கிலேயே புதுசுக்கு டீசல் கொடுத்துக்கொண்டிருக்கும். புகையும் ஐடில் உதறலும் அப்படியே இருக்கும், பழி புது இன்ஜெக்டர் மேல் விழும். கழற்றின ஹை பிரஷர் பைப்பை மறுபடி போடலாமா, புதுசுதான் போட வேண்டுமா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். கம்பெனி புதுசு என்று சொல்லியிருந்தால் புதுசுதான்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஆறையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகும்போது, பழைய ஆறையும் கூடவே எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றிலும் எந்த சிலிண்டரில் இருந்து கழற்றியது என்று பெயின்ட்டால் எழுதிவையுங்கள். முனையைத் துடைக்காதீர்கள், டீசலில் கழுவாதீர்கள். அந்தக் கரி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, எந்த முனை ஈரமாக இருக்கிறது, எதில் துரு இருக்கிறது என்று பார்த்தால், பம்ப் பார்க்கிற ஆள் தண்ணீரா, தூசியா, இறுக்கலா என்று சொல்லிவிடுவார். ஹோல்டர் நன்றாக இருந்தால் அதில் புது நாசில் போட்டு ஒன்றிரண்டை ஸ்பேராகவும் வைத்துக்கொள்ளலாம்.